வகுப்புக்குக் கொண்டுபோகாதவை

அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள் மாலை. விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வந்தது. விடுமுறையில் ஒவ்வொருவரும் பாடநூல் அல்லாத ஒரு புத்தகமாவது வாசிக்க வேண்டும், வாசித்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று குறிப்பு. நூலின் பெயர், எழுதியவர், எத்தனை பக்கம் என மூன்று கட்டங்கள். நான்காவது கட்டத்தில் ‘இந்நூலை வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்துவீர்கள்?’ என்ற கேள்வி. பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் விட முடியாது. அனுப்பியவர்களின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆசிரியர்கள் வாசிப்பதே இல்லை என்று எல்லோரும் பேசும் காலத்தில், வாசியுங்கள் என்று ஒரு பள்ளி கேட்பது நல்ல விஷயம்தான். ஆனாலும் அந்த நான்காவது கட்டம் விடுமுறை முழுக்க மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் உறுத்துகிறது என்பதே எனக்கு முதலில் பிடிபடவில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் கேட்காமலே வருடக்கணக்காக யோசித்து வந்தவன்தானே நான்.

இந்தத் தொழிலில் இப்படி ஒரு பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பேருந்தின் பின்னால் எழுதியிருக்கும் வாசகத்தில் எதுகை கண்ணில் பட்டால், பத்தாம் வகுப்புக்கு எடுத்துக்காட்டு ஆகுமே என்று தோன்றும். செய்தித்தாள் தலைப்பில் வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமல் போயிருந்தால் அதைக் கத்தரித்து வைக்கத் தோன்றும். ஒரு சிறுகதையில் தாய் இறந்துபோகும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம் என்று மனம் கணக்குப் போடும். அக்கறையுள்ள ஆசிரியர்களுக்குத்தான் இது அதிகம் வரும் என்று நினைக்கிறேன். பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. புத்தகத்தை நான் மட்டும் தனியாகப் படிப்பதே இல்லை. என்னுள் இன்னொருவர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கிறார். கதை என்னைத் தொடுவதற்கு முன்பே அவர் அதை வாங்கி வகைப்படுத்திவிடுகிறார்.

விடுமுறை தொடங்கும் டிசம்பர் 24 ஏறக்குறைய மார்கழி 9. அன்றைய திருப்பாவைப் பாசுரம் ‘தூமணி மாடத்து’. சுற்றிலும் விளக்கெரிய, தூபம் கமழ, உள்ளே ஒரு பெண் எழுந்திருக்க மனமில்லாமல் தூங்குகிறாள். வெளியே நிற்கும் தோழிகள் அவள் தாயிடம் முறையிடுகிறார்கள். கோயில் ஒலிபெருக்கியில் அது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த ஹமீர்கல்யாணி மெட்டில் வந்தது. பள்ளி நாட்களில் அந்த நேரத்துக்குக் குளித்து முடித்து மதிய உணவைக் கட்டிக்கொண்டிருப்பேன். இப்போது போர்வைக்குள் இருந்தபடியே கேட்டேன். எட்டடிப் பாசுரங்கள் முப்பது, நாளுக்கு ஒன்று. நாளைக்கு உரியதை இன்றே முடித்துவிட்டு முன்னால் ஓட முடியாது. மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாள்தான் என்பதால் கடைசி நாளில் மட்டும் இரண்டு. போர்ஷனை எப்படி முடிப்பது என்ற கவலையிலேயே ஜூன் முதல் டிசம்பர் வரை ஓடியவனுக்கு, அளவு முன்பே தீர்மானமாகிவிட்ட அந்த நிதானம் பிடித்திருந்தது.

மாயூரத்தில் இரண்டு ஆசான்கள்

படிவத்துக்காக இல்லை, வெகுநாளாக மறுபடி படிக்க நினைத்திருந்ததால், உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைக் கையில் எடுத்தேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முடிவு பெறாமல் நின்றுபோன நூல். தமிழாசிரியர்கள் எல்லோரும் அதில் ஏடு தேடிய கதைகளைத்தான் வகுப்பில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம்.

1871. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) வருகிறார். அதே ஊரில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருக்கிறார். சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். மகனும் அந்த வழியில் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ஆக, பையன் ஒரு பக்கம் பிள்ளையவர்களிடம் தமிழும் இன்னொரு பக்கம் பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்குகிறார். செய்தி பிள்ளையவர்கள் காதுக்கு எட்டியது. அவர் கோபக்காரர் இல்லை. மாணவர்களைப் பிள்ளைகளாகவே பாவித்தவர். ஆனால் இசையில் பழக்கம் அதிகமானால் இலக்கிய இலக்கணங்களில் புத்தி ஆழமாகப் போகாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதை மாணவரிடம் சொல்லியும்விட்டார். சாமிநாதையர் பாரதியாரிடம் போவதை நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தை முன்பு படித்தபோது குருபக்திக்கு ஓர் உதாரணம் என்று கடந்து போயிருப்பேன். இப்போது அப்படிப் போக முடியவில்லை. அந்த நான்காவது கட்டம் 1871லேயே இருந்திருக்கிறதே என்று தோன்றியது. இசை கற்பதால் தமிழ்ப் பாடத்துக்கு என்ன பயன்? பயன் இல்லையென்றால், அல்லது அதைக் கெடுக்கும் என்றால், விட்டுவிடு. பிள்ளையவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தலபுராணங்களை வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டே போவார்களாம். அப்படி ஒரு மனதுக்கு, கவனம் சிதறுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்திருக்கும். கிடைத்த அருமையான மாணவனை முழுதாகத் தமிழுக்கே வைத்துக்கொள்ள நினைத்ததில் அன்பும் இருக்கிறது. ஆனாலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன், சங்கீதம் ஊறிய வீட்டிலிருந்து வந்தவன், மறுநாள் மாலை அந்தத் தெருவுக்குப் போகாமல் இருந்தான் என்பதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிள்ளையவர்களுக்கும் பாரதியாருக்கும் இடையே இதற்கு முன்பே ஒரு கதை உண்டு. நந்தனார் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முகப்புச் செய்யுள், கேட்டுப் பாரதியார் வருகிறார். பிள்ளையவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். காரணம், கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள். தெளிவான காரணம்தான். விடைத்தாள் திருத்துகிற யாருக்கும் அது புரியும். பிறகு ஒரு நாள், காத்திருந்த பாரதியார் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது பிள்ளையவர்கள் காதில் விழுந்தது. மனம் உருகிப் பாயிரம் கொடுத்துவிட்டார். பிழைகள் அப்படியேதான் இருந்தன. கேட்டவர்தான் அந்தக் கொஞ்ச நேரம் பிழை பார்க்கும் வேலையில் இல்லை. மதிப்பீடு செய்யச் சொல்லி அவர் முன்னால் வைத்தபோது கிடைக்காதது, யாரும் எதுவும் கேட்காத நேரத்தில் கிடைத்தது. அந்த மனிதர்தான் பிற்பாடு ஒரு மாணவனை இசையிலிருந்து திருப்பினார் என்பதை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சகானா

விடுமுறையில் சென்னை போய் ஒரு மதியக் கச்சேரி கேட்டேன். டிசம்பர் சீசனில் மதிய நேரம் இளம் பாடகர்களுக்கானது. பல சபாக்களில் அதற்குக் கட்டணம் கிடையாது, கூட்டமும் குறைவு. பாடிய பெண் நன்றாகவே பாடினார். முன் வரிசையில் ஒரு பெரியவர் சின்ன நோட்டில் ஒவ்வொரு பாட்டின் ராகத்தையும் தாளத்தையும் எழுதிக்கொண்டே வந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குக் கச்சேரி பாதி போய்விட்டது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

உண்மையில் நடந்தது வீட்டில். இரவு, விடைத்தாள் கட்டு மேசையில் பாதி திருத்தியபடி கிடக்க, கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதனின் பழைய பதிவு ஒன்றைக் கைபேசியில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டேன். அவரைப் பற்றி இசை கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1923இல் பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவில் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியராகவும் இருந்தவர். தன் சாகித்தியங்களில் ‘வரததாச’ என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தவர். கீழ்ச் சுருதி, கனத்த குரல், சௌக்க காலம் என்கிற மெதுவான நடை. அவசரக்காரர்களுக்கு அவர் பாட்டு சரிப்படாது. நானும் பல வருடம் அவரைப் பாதியில் நிறுத்தியவன்தான்.

அன்று அவர் எடுத்தது சகானா. அரிகாம்போதி ராகத்திலிருந்து பிறந்தது, ஏறும்போதும் இறங்கும்போதும் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும் வக்ர ராகம். மேலே போகிறோம் என்று நினைக்கும்போது ஒரு படி திரும்பி இறங்கி, அங்கே கொஞ்சம் தயங்கி, பிறகுதான் போகும். ராமநாதன் ஒரு பிடியைப் பாடிவிட்டு நிறுத்தினார். தம்பூரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது வந்துவிடும் என்று எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு, முன்பு விட்ட அதே ஸ்வரத்தை லேசாகத் தொட்டு, அங்கிருந்து கீழே இறங்கினார். அந்த இடைவெளியில் வயலின்காரரும் அவசரப்பட்டு உள்ளே நுழையவில்லை.

உடனே என்னுள் இருக்கும் அந்த இன்னொருவர் எழுந்துவிட்டார். பி.எட். படிக்கும்போது கேட்டது நினைவுக்கு வந்தது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டு, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, வாயே திறக்காதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் காட்டினார். ஆகா, ராமநாதனின் நிறுத்தமும் இதுவும் ஒன்றுதானே, இதை ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் சொல்லலாமே, பதிவைப் போட்டுக் காட்டியே சொல்லலாமே என்று மனம் பரபரத்தது. நான்காவது கட்டத்துக்கு விடையும் கிடைத்துவிட்டது. அழகான விடை. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அதற்குள் சகானா எங்கேயோ போய்விட்டிருந்தது. நான் எழுத யோசித்த நேரத்தில் ராமநாதன் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியாது. பதிவைப் பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவும் செய்தேன். ஆனால் அந்தக் கணத்தில்தான், இத்தனை நாள் உறுத்தியது என்ன என்று புரிந்தது. அந்த நிறுத்தத்தை நான் கேட்கவே இல்லை. அது எதற்கு உதவும் என்பதைத்தான் கேட்டேன். பேனாவை மூடி வைத்தேன். ரோவின் ஆய்வு எங்கும் ஓடிவிடாது. பள்ளி திறந்தபின் அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த ராகம் அப்படி இல்லை, இருந்து கேட்டால்தான் உண்டு. ஆலாபனை முடிந்து பாட்டு தொடங்கி, அதுவும் முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து எடுத்துச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு மேற்கொண்டு விடைத்தாள் திருத்தவில்லை.

கணக்கு ஆசிரியை சொன்னது

இதை எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியையிடம் போனில் சொன்னேன். வயதில் சின்னவர், படிவத்தை முதல் நாளே நிரப்பி அனுப்பியவர். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “ஐயா, நீங்க சொல்றது கேக்க நல்லாருக்கு. ஆனா நம்ம பசங்கள்ல பாதிப் பேர் வீட்டுல புத்தகமே கிடையாது. நாம படிக்கிறதுதான் அவங்களுக்குப் போய்ச் சேரும். நாம ரசிச்சிட்டு நமக்குள்ளயே வெச்சுக்கிட்டா அது யாருக்கு?” என்றார். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான் நூலகம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகை இல்லை.

ஆனால் யோசிக்க யோசிக்க, நாங்கள் இருவரும் ஒன்றையே இரண்டு பக்கமிருந்து பிடித்து இழுக்கிறோம் என்று பட்டது. பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. எப்போது, எந்த வடிவில் போய்ச் சேரும் என்பதை வாசித்து முடித்த அன்றே ஒரு கட்டத்தில் எழுதிவிட முடியுமா என்பதுதான் என் கேள்வி. என்ன எழுத முடியுமோ அது மட்டும்தான் அந்தக் கட்டத்துக்குள் வரும். அப்புறம், வாசிப்பவரும் எழுத வருகிற பகுதிகளையே தேடித் தேடி வாசிக்கத் தொடங்குவார். எனக்கு நடந்தது அதுதான், படிவம் எதுவும் வருவதற்கு வெகுகாலம் முன்பே.

சாமிநாதையரிடமே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அவர் இடத்துக்கு இவர் வருகிறார். அந்த வகுப்பில் செய்யுட்களை ராகத்தோடு படித்துக் காட்டினார், மாணவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில் தந்தையிடம் கேட்டதும் மாயூரத்தில் கொஞ்ச நாள் பாரதியாரிடம் கற்றதுமான இசைதான் அது. பாடம் நடத்த உதவும் என்று எண்ணி யாரும் அதைக் கற்கவில்லை. உதவாது என்று சொல்லித்தான் பாதியில் நின்றது. கணக்கு ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, “அப்ப கடைசியில வகுப்புக்குத்தானே வந்துச்சு ஐயா?” என்று மடக்கினார். வந்தது, சரிதான். ஆனால் வகுப்புக்கு வராமலே போயிருந்தாலும் அந்த மாலைகள் வீண் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இந்த இடத்தில் நானும் அவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பிள்ளையவர்கள் சொன்னது தவறு என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அந்தக் கைகளால் அச்சேறியிருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஒன்று மட்டும் தெரிகிறது. அவர் எதையும் மறக்கவில்லை. 1930களில், எண்பதை ஒட்டிய வயதில், மகாவித்துவானின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதினார். கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகாவைத்தியநாதையர் என மூன்று சங்கீதக்காரர்களின் வரலாற்றையும் எழுதினார். ஒருவர் அவரைத் தமிழிலேயே நிறுத்திவைத்த ஆசான். இன்னொருவர், அவர் விட்டுவந்த ஆசான். அறுபது ஆண்டுக்கு மேலாக இருவருக்கும் அந்த மனதில் இடம் இருந்திருக்கிறது.

படிவத்தில் நூலின் பெயரையும் பக்கத்தையும் எழுதிவிட்டு, நான்காவது கட்டத்தில் ‘இப்போது சொல்லத் தெரியவில்லை’ என்று போட்டேன். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த முறை அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம், அல்லது ‘எந்தப் பக்கத்தில் நின்றீர்கள்?’ என்று மாற்றிக் கேட்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்ல நினைத்திருக்கிறேன். ஆசிரியர்களை வாசிக்கச் சொல்லும் பள்ளி, அவர்கள் வாசிப்பதற்கே என்று கொஞ்சம் நேரத்தையும் நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கணக்கு ஆசிரியைக்கு ராமநாதன் பதிவின் இணைப்பை அனுப்பினேன். ராகத்தின் பெயரோ பாடியவர் பெயரோ சொல்லவில்லை, ரோவைப் பற்றியும் சொல்லவில்லை. மறுநாள் கூப்பிட்டார். பாதி வரைக்கும்தான் கேட்டாராம். “ஏன் ஐயா இவ்வளவு மெதுவா பாடறார்? நடுவுல மறந்துட்டாரோன்னு நெனச்சேன்” என்றார். மீதிப் பாதியையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.